ஏணியின் செருப்பு

ஏணி பெயில் ஆகிவிட்டது என்று போனில் சொன்னபோது ஏணியக்கா நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பெயில் ஆகியிருக்கிறாள். டிரைவிங் டெஸ்டில் அவள் புருஷன் பெயில் ஆகியிருக்கிறார், அதுவும் ஒரு தடவை அல்ல. அதெல்லாம் நடக்கக்கூடியதுதான். அவள் செய்த ஏணி எப்படிப் பெயில் ஆகும்?

“நிக்கலைம்மா. வழுக்கிடுச்சு,” என்றார் சோதனைக்கூடத்து ஆள்.

“வேற யாரோட ஏணியாவது பாத்துட்டு எனக்குப் போன் பண்றீங்களா?”

“உங்களோடதுதாம்மா. பக்கத்துல சிவப்பா ஏணியக்கான்னு எழுதியிருக்கு.”

அவள் போனை வைத்தாள். அலுமினியத்தில் ஏணி செய்கிற அந்தப் பட்டறையில் துளை போடும் மெஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. “நிறுத்துடா அதை!” என்று அவள் போட்ட சத்தத்தில் மெஷின் நின்றது, ஆட்களும் அப்படியே நின்றார்கள்.

அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. வரி ரசீதைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. பெயிண்டர், எலெக்ட்ரீஷியன், விளம்பரப் பலகை மாட்டுகிறவர் என்று உயரத்தில் ஏறிப் பிழைக்கிற எல்லோருக்கும் அவள் ஏணியக்கா. செய்து முடித்த ஒவ்வொரு ஏணியையும் பட்டறைச் சுவரில் சாய்த்து, கடைசிப் படி வரை ஏறி, அங்கே நின்று ஒரு குதி குதித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவாள். கொஞ்சம் கனத்த உடம்பு. “என்னையே தாங்குது, உன்னைத் தாங்காதா?” என்று வாங்க வந்தவரிடம் கேட்பாள். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்டதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் புதுச் சட்டம் வந்தது. வருகிற முதல் தேதியிலிருந்து, தர முத்திரை இல்லாத ஏணியை நாட்டில் எங்கேயும் விற்கக் கூடாது. விற்றால் சரக்கு பறிமுதல், பட்டறைக்குப் பூட்டு. பெரிய கம்பெனியோ சின்னப் பட்டறையோ, மாதிரிக்கு ஒரு ஏணியை அரசாங்கச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். தேறினால் முத்திரை. தொழிலில் இருந்த மற்றவர்கள் எல்லாம் குய்யோ முறையோ என்று கத்தினார்கள். ஏணியக்கா கத்தவில்லை. “வரட்டும். கண்ட தகரத்தை வளைச்சு ஏணின்னு விக்கிறவன்லாம் ஓடுவான்,” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதனால்தான் அந்தப் போன் அவள் முகத்தில் கரியைப் பூசிவிட்டது.

சாயங்காலத்துக்குள் விஷயம் அண்ணன் காதுக்குப் போய், அண்ணனே வந்துவிட்டார்.

அண்ணன் பெரிய ஆள். ஊரிலேயே பெரிய ஏணிக் கம்பெனி அவருடையது. உண்மையில் அது அப்பாவுடையது. அப்பா இருந்தவரை அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் நடத்தினார்கள். அப்பா போன பிறகு, “கம்பெனிப் பலகையில எதுக்கு ரெண்டு பேரு?” என்று அண்ணன் அவளைக் கழற்றிவிட்டார். சண்டை போட்டுக் கழற்றிவிட்டிருந்தால் அவள் எப்போதோ மறந்திருப்பாள். சிரித்த முகத்தோடு, புதுப் புடவை எடுத்துக் கொடுத்து, தலையைத் தடவிக் கழற்றிவிட்டார். அதுதான் இன்னும் ஆறவில்லை.

“பாப்பா,” என்றார் அண்ணன். பாப்பாவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. “எதுக்கு உனக்கு இந்த வயசுல அலைச்சல்? என் ஏணி தேறிடுச்சு, முத்திரை கையில இருக்கு. என் ஸ்டிக்கரை ஒட்டி வித்துக்கோ. பட்டறை உன் பட்டறை, ஆளுங்க உன் ஆளுங்க. பேரு மட்டும் என் பேரு.”

“அந்த மட்டும்தான் இடிக்குதுண்ணே.”

“பேரை வச்சு என்ன பண்ணப் போற? ஏணியில ஏறுறவன் படியைப் பாப்பானா, பேரைப் பாப்பானா?”

“அப்ப அந்தப் பேரு என் பேராவே இருந்துட்டுப் போகட்டுமே. நான் நேர்ல போய் என்னன்னு கேட்டுட்டு வரேன்.”

அண்ணன் சிரித்தார். “போய்க் கேளு. தனியாப் போய் நீ என்னத்தக் கழட்டிடப் போற? முதல் தேதி வந்தா உன் ஆளுங்க என் வாசல்லதான் வந்து நிக்கணும். அதுக்கு முன்னாடி நீயே வந்துட்டா மரியாதையா இருக்கும்.”

வாசலில் நின்றிருந்த அவள் புருஷனிடம், “வரேன் மாப்பிள்ளை, தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு அண்ணன் காரில் ஏறினார். மாப்பிள்ளை தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். டிரைவிங் லைசென்ஸ் ஒருவழியாகக் கிடைத்த நாளிலிருந்து பட்டறையின் வேனை ஓட்டுகிறார். ஊருக்கு அவர் வேன்காரர். மாதிரி ஏணியைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான்.

மறுநாள் காலையில் அவர் வேன் ஓட்ட, அவள் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். சோதனைக்கூடத்து வாசலில் ஒரு காவலாளி, ஒரு இரும்பு அலமாரி, ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று ஒரு பலகை. உள்ளே தரை கண்ணாடியாகப் பளபளத்தது. செருப்பை உதறிவிட்டு அவள் உள்ளே புகுந்தாள்.

சோதனைக்கூடத்துப் பொறியாளர் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். சுவரோரம் ஏணியக்காவின் ஏணி சாத்தப்பட்டிருந்தது. அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

“செருப்பு எங்க?”

மேடம் அவள் காலைப் பார்த்தார். “வெளியில விட்டிருப்பீங்க.”

“என் செருப்பில்ல மேடம், ஏணியோட செருப்பு!”

ஏணி வழுக்காமல் நிற்பதற்காகக் காலில் மாட்டுகிற ரப்பர் உறைக்கு அந்தத் தொழிலில் செருப்பு என்றுதான் பெயர். ஏணி வெறுங்காலோடு நின்றது. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. “யாரு கழட்டினது? செருப்பைக் கழட்டிட்டு டெஸ்ட் பண்ணா எவன் ஏணியும் வழுக்கும்! என்னை ஒழிக்கணும்னே பண்ணீங்களா?”

மேடம் கம்ப்யூட்டரில் ஒரு போட்டோவைக் காட்டினார். வருகிற ஒவ்வொரு பொருளையும் வந்த நிலையிலேயே படம் எடுத்துவைப்பது அங்கே வழக்கமாம். படத்தில் ஏணி நின்றது. ஏணியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வேன்காரர் நின்றார். இருவரும் வெறுங்கால்.

ஏணியக்கா மெதுவாகத் திரும்பினாள்.

“போர்டு போட்டிருந்துச்சே,” என்றார் வேன்காரர்.

“என்ன போர்டு?”

“செருப்பை வெளிய விடச் சொல்லி. தரை வேற பளபளன்னு இருந்துச்சு, ரப்பர் பட்டா கறுப்புக் கோடு விழுமேன்னு நெனச்சேன். அதான் ரெண்டு பேரும் கழட்டிட்டோம்.”

“ரெண்டு பேரா?”

“நானும் ஏணியும்.”

“திரும்பி வரும்போது?”

“என்னோடதைப் போட்டுக்கிட்டேன். அதோடது வேன்ல இருக்கு.”

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு இதுதான் மிச்சம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் ஆத்திரத்துக்கு நடுவிலேயே ஒரு நிம்மதியும் வந்தது. தப்பு புருஷன் மேல். ஏணி மேல் இல்லை. “மேடம், நீங்களே பாத்தீங்கல்ல? செருப்பை மாட்டித் தரேன். மறுபடி பாருங்க.”

வேனிலிருந்து செருப்புகள் வந்தன. மாட்டினாள். ஏணியைச் சாய்த்து, மேடத்தின் உதவியாளர்கள் படியில் எடைக் கட்டிகளைத் தொங்கவிட்டார்கள். ஏணி அசையவில்லை. ஏணியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

மேடம் எடையை எடுக்கச் சொன்னார். குனிந்தார். ஒரு செருப்பை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது.

“சார், இதைக் கழட்ட உங்களுக்கு எவ்வளவு நேரமாச்சு?”

“சொடக்குப் போடுற நேரம்தான் மேடம்!” என்றார் வேன்காரர் உற்சாகமாக. “எங்க ஏணியில அதான் விசேஷமே. தேஞ்சு போச்சுன்னா அவங்களே கழட்டி மாத்திக்கலாம். மாத்துச் செருப்பு நாங்க சும்மாவே தருவோம்.” பெண்டாட்டி முகத்தைப் பார்த்தபிறகுதான் வாயை மூடினார்.

“அதையும் நான் எழுதப் போறேன்,” என்றார் மேடம். “வழுக்கினது ஒரு காரணம். கையால கழட்ட முடியறது இன்னொரு காரணம். இவர் கழட்டினா, வாங்குறவரும் கழட்டுவார்.”

“பெயிண்டர் கழட்டினா அது பெயிண்டர் தப்பு!”

“சரி. விழறதும் பெயிண்டர்தானே?”

மேடத்தின் கையிலிருந்து ஏணிச் செருப்பைப் பிடுங்கிக்கொண்டாள் ஏணியக்கா. வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள். வீடு வரும்வரை புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். திட்டுகிற ஒவ்வொரு வார்த்தைக்கு அடியிலும் மேடத்தின் கேள்வி கிடந்து உறுத்தியது. கழற்றி மாட்டுகிற செருப்பு அவள் யோசனை. அவள் பெருமை. அதில் போய்க் குற்றம் சொல்லிவிட்டார்களே என்று எரிந்தது. குற்றம் இல்லை என்று தன்னிடமே சொல்லிப் பார்த்தாள்; அவளே நம்பவில்லை.

அடுத்த நாள் ஒல்லி பெயிண்டர் பட்டறைக்கு வந்தார். பழைய வாடிக்கை. ஏணி வாங்க வந்தவரை உட்காரவைத்து அவள் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லு. வேலை செய்யறப்ப ஏணிச் செருப்பைக் கழட்டுவியா?”

“எல்லாரும் கழட்டுவோம்க்கா. வீட்டுக்குள்ள வேலைன்னா வீட்டுக்காரம்மா விடமாட்டாங்க. தரையில கோடு விழுதுன்னு கத்துவாங்க.”

“திருப்பி மாட்டுவியா?”

“ஞாபகம் இருந்தா.” பெயிண்டர் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கையில் தழும்பு. “அது எங்க தலையெழுத்துக்கா.”

“தலையெழுத்து இல்லப்பா,” என்றாள் அவள். குரல் உடைந்தது. “ஏணியில சிவப்பா எழுதியிருக்கே, அது என் எழுத்து.”

இத்தனை வருஷமாகச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் ஏணியை நிறுத்தி, செருப்போடு ஏறிக் குதித்து, தாங்குகிறது தாங்குகிறது என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் ஏறின ஏணி வேறு, ஊர் ஏறின ஏணி வேறு. அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் மூலையில் உட்காருகிற ஆள் இல்லை அவள். எழுந்து ஆட்களைக் கூப்பிட்டாள்.

“இனிமே ஒரு ஏணிகூட வெளிய போகக் கூடாது. முத்திரை வர்ற வரைக்கும்.”

“முதல் தேதிக்கு இன்னும் நாள் இருக்கே,” என்றார் வேன்காரர். “இருக்கிறதையாவது தள்ளிவிட்டுடலாமே?”

“தள்ளிவிட்டா யார் விழுவா?” என்றாள். வேன்காரர் தலையாட்டினார்.

அந்த வாரமே அண்ணன் மறுபடி வந்தார். கையில் ஸ்டிக்கர் சுருள். கூடவே அவருடைய கம்பெனி லாரி; அதில் கடைகளுக்குப் போகிற ஏணிகள், ஒவ்வொன்றிலும் பளிச்சென்று தர முத்திரை. தங்கை வழிக்கு வந்திருப்பாள் என்ற நம்பிக்கையில் சுருளை மேசைமேல் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. நேராக லாரிக்குப் போனாள், ஒரு ஏணியின் காலைப் பிடித்தாள், திருகினாள். செருப்பு கையோடு வந்தது. அடுத்த ஏணி. அதுவும் வந்தது.

“இது எப்படிண்ணே தேறுச்சு?”

“சோதனைக்குக் கொடுத்ததுல பசை வச்சு ஒட்டியிருந்தோம், பாப்பா. எல்லாத்துக்கும் ஒட்டிக்கிட்டு உக்காந்தா கட்டுப்படியாகுமா?”

“அப்ப தேறினது ஒரே ஒரு ஏணி. அது எங்கயோ சோதனைக்கூடத்துல நிக்குது. ஊர்ல ஏறப்போறது எல்லாம் தேறாத ஏணி.”

“முத்திரை இருக்கா இல்லையா? அதைப் பாரு. மத்ததெல்லாம் எவன் பாக்கப் போறான்?”

“நான் பாத்துட்டேனே.” இரண்டு செருப்பையும் அண்ணன் கையில் கொடுத்தாள். “நீங்க கிளம்புங்க.”

அண்ணன் திடுக்கிட்டார். பிறந்ததிலிருந்து அவரை ‘நீ’ என்று கூப்பிடுகிறவள். கோபம் தலைக்கு மேல் போனால்தான் அவளுக்கு அண்ணனிடம் மரியாதை வரும். அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் வந்திருக்கிறது, பலகையிலிருந்து அவள் பெயர் போன நாளில்.

“ஸ்டிக்கரை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. உங்க பேர் போட்ட ஏணியில எவனாவது விழுந்தா உங்களைத் திட்டுவான். என் பட்டறையில செஞ்சதுல விழுந்தா என்னைத்தான் திட்டணும். அந்தத் திட்டைக்கூட நான் உங்களுக்குக் கொடுக்கமாட்டேன்.”

பிறகு பட்டறையில் ராப்பகலாக ஒரே வேலை. கறுப்பு ரப்பரைத் தூக்கிப் போட்டாள்; தரையில் கோடு போடாத வெளிர் ரப்பராகத் தேடி வாங்கினாள். உறையாக மாட்டுவதை விட்டு, கட்டையாக வெட்டி, ஏணிக் காலுக்கு உள்ளே செருகி, விளிம்பை மடக்கி அடித்து, குறுக்கே ஆணி அறைந்தாள். முதலில் செய்தது ஆடியது. அடுத்தது ரப்பரே கிழிந்தது. பிறகு ஒன்று நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக இழுத்துப் பார்த்தார்கள், அவளும் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள், வரவில்லை. தேய்ந்துபோனால் ஏணியைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும், இங்கேதான் மாற்ற முடியும். “அவங்களுக்குச் சிரமம்தானே?” என்றார் வேன்காரர். “சிரமப்படட்டும். கை கால் ஒழுங்கா இருந்தா சிரமப்படலாம்,” என்றாள்.

புது மாதிரி தயாராகி, மறுசோதனைக்கு எழுதிப் போட்டாயிற்று. முறை வரும்வரை விற்பனை கிடையாது. அந்த இடைவெளியில்தான் அவள் பட்டறை வாசலில் ஒரு பலகை மாட்டினாள். சிவப்பு எழுத்து: ‘எந்தக் கம்பெனி ஏணியானாலும் சரி. கையால் இழுத்துப் பாருங்கள். செருப்பு கழன்றால் இங்கே கொண்டு வாருங்கள். கழலாதபடி மாட்டித் தருகிறோம்.’

முதலில் ஒல்லி பெயிண்டர் தன் பழைய ஏணியோடு வந்தார். அவர் சொல்லி நாலு பேர் வந்தார்கள். பிறகு தெருவே ஏணியாக நின்றது. பாதி அவளுடையவை; அவற்றை அவள் சும்மா செய்து கொடுத்தாள். மீதி அண்ணனுடையவை, முத்திரையோடு.

அண்ணன் போனில் கொதித்தார். “என் ஏணிக்கு நீ செருப்பு மாட்டுறியாமே! சந்தையில என் மானத்தை வாங்குற!”

“போர்டுல உங்க பேரு எங்க இருக்கு? கழர்ற ஏணின்னுதான் போட்டிருக்கேன். அது உங்களோடதுன்னு நீங்கதான் சொல்றீங்க.”

“கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்க மாட்டியா? உறவே வேணாம்னு முடிவு பண்ணிட்டியா?”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே அண்ணன். சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னைக் கழட்டிவிட்டது நீங்க,” என்றாள். “நான் அப்பவும் இங்கதான் இருந்தேன், இப்பவும் இங்கதான் இருக்கேன். உங்க ஏணியை ஒழுங்காச் செய்யுங்க. அந்த போர்டை நானே கழட்டிடறேன்.”

முதல் தேதி வந்தது. துளை போடுகிறவன் மட்டும் அண்ணன் கம்பெனிக்குப் போய்விட்டான். வீட்டில் கைக்குழந்தை, அவள் அவனைத் திட்டவில்லை. மற்றவர்கள் இருந்தார்கள். விற்க முடியாத ஏணிகள் பட்டறைச் சுவரெல்லாம் சாய்ந்து நின்றன. ஆனாலும் ஸ்டிக்கர் சுருளை நினைத்து அவள் ஒரு நாளும் ஏங்கவில்லை.

மறுசோதனைக்கு முறை வந்த காலையில் ஏணியை வேனில் ஏற்றி இருவரும் போனார்கள். அதே வாசல், அதே பலகை, அதே காவலாளி. ஏணியக்கா செருப்பைக் கழற்றினாள். வேன்காரர் கழற்றினார். ஏணியைத் தூக்கப் போனபோது காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

“அதோட செருப்பையும் கழட்டிடுங்கம்மா. போன தடவை சார் கழட்டிட்டுத்தான் கொண்டு வந்தாரு. தரையில கோடு விழும்.”

வேன்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் தலையாட்டவில்லை.

“கழட்டுங்களேன்,” என்றாள் ஏணியக்கா காவலாளியிடம்.

காவலாளி குனிந்து இழுத்தார். திருகினார். மறு காலையும் இழுத்துப் பார்த்தார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மேடம் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். விரலால் பார்த்தார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். கடைசியில் கீழ்ப்படியில் காலை உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தார். கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்ததுதான் மிச்சம்.

ஏணியின் பக்கவாட்டில் ‘ஏணியக்கா’ என்று சிவப்பாக எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஒரு முத்திரை ஒட்டுகிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.

“என்னால ஒண்ணும் கழட்ட முடியலம்மா,” என்று மேடம் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தார். “செருப்போடயே உள்ள கொண்டு வாங்க.”

வேன்காரர் ஏணியைத் தோளுக்குத் தூக்கினார்.

“தூக்காதீங்க,” என்றாள் ஏணியக்கா. “தரையில வச்சு இழுத்துட்டு வாங்க. எங்க கோடு விழுதுன்னு பாக்கட்டும்.”